விரைவும் விரலும்

ஒரகடம் சந்திப்பில், இரவுப் பணி முடிந்து நிறுவனப் பேருந்துக்குக் காத்திருந்த இளைஞர் ஒருவர் அண்மையில் தம் கைப்பேசியை நம்மிடம் நீட்டினார். திரையில் ஒரு கிதார்க் கலைஞரின் விரல்கள் கண்ணுக்குப் புலப்படாத விரைவில் ஓடிக்கொண்டிருந்தன. "உலகச் சாதனை, ஐயா!" என்றார் அவர். விடுதி அறையில் கிதார் பழகும் அவருக்கு அந்த வேகமே இலக்காம். நமக்கோ வியப்பைவிட ஐயமே மிகுந்தது.

2008ஆம் ஆண்டில் பிரேசில் நாட்டின் தியாகோ டெல்லா வேகா, ரிம்ஸ்கி-கோர்சகோவின் 'வண்டின் பறத்தல்' என்னும் இசையை நிமிடத்திற்கு 320 தாள அடி வேகத்தில் வாசித்துக் கின்னஸ் ஏட்டில் இடம்பெற்றார். அடிக்கு நான்கு சுரம் எனக் கொண்டால் நொடிக்கு 21 சுரங்களுக்கு மேலாகிறது. ஒரு சுரத்தின் வாழ்நாள் நொடியில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை.

ஒரு விரலால் மேசையைத் தட்டிப் பார்ப்போம். நம்மில் பலருக்கு நொடிக்கு ஆறேழு தட்டுகளே கைகூடும். கிதாரிலோ ஒவ்வொரு சுரத்தையும் தனித்தனியே மீட்டுவதானால், வலக்கை நொடிக்குப் பத்து முறைக்குமேல் கீழும் மேலும் சென்று மீளவேண்டும். அதே கணத்தில் இடக்கை விரல் சரியான இடத்தில் அழுந்தியிருக்கவும் வேண்டும். நெடும்பயிற்சி எல்லையைத் தள்ளிவைக்கும் என்பது உண்மையே. எல்லையே இல்லாமற் செய்துவிடுமா?

கைக்குள்ள எல்லை காதுக்கும் உண்டு. நொடிக்கு ஏறத்தாழ இருபது துடிப்புகளைத் தாண்டும்போது செவி அவற்றைத் தனித்தனியாக எண்ணுவதை விட்டு, ஒன்றாக இணைக்கத் தொடங்குகிறது. அவ்வேகத்தில் இடையிடையே சில சுரங்கள் விடுபட்டாலும் கேட்போர் அறிவது அரிது. பதிவை மெதுவாக ஓட்டிச் சரிபார்க்கலாம் என்பர். அப்படியானால் அந்த இசை யாருக்காக வாசிக்கப்பட்டது? மனிதச் செவிக்கா, அளவுக் கருவிக்கா? கலைஞரை நாம் பொய்யர் என்று சொல்லவில்லை. அளவுகோலே இசைக்குப் பொருந்தவில்லை என்கிறோம்.

நம் சென்னையின் லிடியன் நாதஸ்வரம் 2019இல், பதின்மூன்று வயதில், அமெரிக்கத் தொலைக்காட்சிப் போட்டியில் இதே இசையைப் பியானோவில் 208 அடி வேகத்திலும், பின்னர் 325 அடி வேகத்திலும் வாசித்து உலகை வியக்கவைத்தார். பியானோவில் இரு கை விரல்களும் சுமையைப் பகிர்ந்துகொள்ளும் என்பதையும் கருதவேண்டும். எனினும் ஒன்று நோக்கத்தக்கது: 208 அடியில் நாம் வண்டைக் கேட்கிறோம், 325 அடியில் சிறுவனின் திறமையைக் காண்கிறோம். ஓர் இசைநாடகத்தில், வண்டாக உருமாறிய இளவரசன் பறக்கும் காட்சிக்கென எழுந்த இசை அது. இரண்டாம் வாசிப்பில் அந்த இளவரசன் எங்கே போனான்?

விரைவு நம் மரபுக்குப் புதிதன்று. சரளி வரிசையையே மூன்று காலங்களில் பயில்கிறோம். ஆனால் மூன்றாம் காலத்திலும் தாளம் தன் நடையில் நிற்கிறது. அந்நிலைப்பே விரைவுக்குப் பொருள் தருகிறது. மாண்டலின் ஸ்ரீநிவாஸ் 1978இல் குடிவாடாவில் சிறுவனாக மேடையேறியவர். அவரது விரைவைப் புகழாதார் இல்லை. ஆயினும் இரட்டைத் தந்திகளை நீக்கி ஐந்து ஒற்றைத் தந்திகளுடன் மின்மாண்டலினை அவர் அமைத்துக்கொண்டது, சுரம் நீண்டு ஒலித்துக் கமகம் பேசவேண்டும் என்பதற்காகவே. 2014இல் அவர் மறைந்த பின்னும் நம் நினைவில் நிற்பது அந்த ஒலியன்றோ!

சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை தண்ணுமை ஆசானுக்கு இலக்கணம் கூறும்போது, பிற கருவிகளின் குறையை நிரப்பவும் மிகையை அடக்கவும் அறிந்தவனாக அவனைக் காட்டுகிறது. அடக்கத் தெரிவதும் திறமையே என்பது இளங்கோவின் தீர்ப்பு.

ஸ்ரீபெரும்புதூர் முதல் ஒரகடம் வரை கைகளின் மதிப்பு நாள்தோறும் எண்ணிக்கையால் அளக்கப்படுகிறது. மணிக்கு எத்தனை, நொடிக்கு எத்தனை என்பதே அங்குள்ள கேள்வி. வாகனம் செய்வதற்கு அக்கணக்கு தேவைப்படலாம். ஆனால் பணி முடிந்து கிதாரை எடுக்கும் இளைஞர் அங்கும் அதே கடிகாரத்தைத் தம்முன் வைத்துக்கொள்வாராயின், அவருக்கு ஓய்வு எப்போது? எண்ணப்படாத ஒரு மணிநேரத்தையேனும் அக்கைகளுக்கு இசை அளிக்கவேண்டாமா?

பேருந்து வந்தது. "உங்களுக்குப் பிடித்த பாட்டு ஒன்றை மெதுவாக வாசித்துப் பாருங்கள், தம்பி" என்றோம். சிரித்துக்கொண்டே ஏறினார். வாசிப்பார் என்றே நம்புகிறோம்.