சான்று கேட்கும் குறுஞ்செய்தி

'நீங்கள் பயப்படுவது நடக்கும் என்பதற்குச் சான்று என்ன? நடக்காது என்பதற்குச் சான்று என்ன?'

தென்காசிப் பக்கத்துத் தம்பி ஒருவனின் கைபேசிக்கு ராத்திரி பதினொரு மணிக்கு வந்த குறுஞ்செய்தி இது. படிப்பு முடித்து ஒரு வருசமாகிறது. குற்றாலத்தில் சீசனுக்கு ஒரு விடுதியில் வேலைக்கு நின்றான். 'புது ஆளுக வந்து பேரைக் கேட்டாலே நெஞ்சு படபடன்னு அடிக்கிண்ணே. அடுத்து ஊரைக் கேப்பான், பெறவு தெருவைக் கேப்பான்' என்கிறான். சிநேகிதன் ஒருத்தன் ஒரு செயலியை இறக்கிக் கொடுத்திருக்கிறான். பேர் எதுக்கு, இப்படி நிறைய இருக்கின்றன. இங்கிலீஷில் வந்ததை எனக்குத் தமிழில் சொல்லிக் காட்டினான்.

கவிதையையும் கதையையும் பிரதியாக வாசிக்கிற நாம் இந்தக் குறுஞ்செய்தியையும் ஒரு பிரதியாக வாசிக்கலாம். இதன் பின்னால் இருப்பது அமெரிக்க மனநல மருத்துவர் ஆரன் பெக் 1960களில் வளர்த்தெடுத்த சிகிச்சை முறை. பதட்டக்காரன் ஆபத்தைப் பெரிதாகவும் தன் பலத்தைச் சிறிதாகவும் எடைபோடுகிறான். அந்த எண்ணத்தைச் சோதித்துப் பார்க்கப் பழக்கினால் பயம் தணியும். இது மோசடி அல்ல, பலருக்குக் குணம் கிடைத்திருக்கிறது. என் கேள்வி வேறு. சோதித்துப் பார்த்த பிறகும் எண்ணம் சரியாகவே இருந்தால்?

தம்பி ஒழுங்காகத்தான் பதில் எழுதியிருக்கிறான். சான்று இருக்கிற பக்கத்தில் ஏழு வரி. இல்லாத பக்கம் வெறுமை. செயலி மறுபடியும் சொல்கிறது: 'இதை வேறு விதமாகப் பார்க்க முடியுமா?' வேறு விதமாக எப்படிப் பார்ப்பது? குத்தாலத்துத் தண்ணி எல்லாத் தலையிலயும்தான் விழுது. துண்டு எடுத்துக் குடுக்கிறவன் எந்தத் தெருன்னு மட்டும் தெரிஞ்சாகணும்.

குறுஞ்செய்தி பேசுகிற 'நீங்கள்' யார்? தனி அறையும் சொந்தக் கைபேசியும், பயத்தைத் தவிர வேறு எதிரி இல்லாத வாழ்க்கையும் உள்ள ஒருவர். 2017இல் வெளியான வோபாட் ஆய்வு 18 முதல் 28 வயது வரையுள்ள 70 பேரிடம் இரண்டு வாரம் நடத்தப்பட்டது. மனச்சோர்வு உரையாடல் பொறியோடு பேசியவர்களுக்குக் குறைந்தது. பதட்டமோ இரண்டு குழுவுக்கும் குறைந்தது, அதாவது வெறும் மின்நூல் கொடுக்கப்பட்டவர்களுக்கும். அந்தச் செயலியையே நிறுவனம் 2025 ஜூனில் மூடிவிட்டது. பேசிக்கொண்டிருந்தவர்கள் வேறு ஆள் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

எங்கள் மாவட்டத்தில் கைபேசி இன்னொன்றையும் கொண்டுவந்து போட்டது. 2022 செப்டம்பரில் சங்கரன்கோவில் பக்கம் பாஞ்சாங்குளத்தில் தின்பண்டம் வாங்க வந்த தலித் பிள்ளைகளிடம், ஊர்க்கட்டுப்பாடு என்று சொல்லிக் கடைக்காரர் கொடுக்க மறுத்தார். அந்தக் காட்சி வாட்ஸ்அப்பில் ஊர் ஊராக ஓடியது. கைது நடந்தது, கடைக்குச் சீல் வைத்தார்கள். கேட்டுவிட்டுத் திரும்பிப் போன அந்தப் பிள்ளைகள் இன்னும் சில வருசத்தில் இந்தச் செயலிகள் தேடுகிற வயசுக்கு வந்துவிடுவார்கள். அவர்களிடமும் சான்று கேட்குமா?

இவ்வளவு சொன்னதால் தூக்கி எறி என்று நான் சொல்லவில்லை. ஒற்றை அறை வீட்டில் அம்மா காதில் விழாமல் அழுவதற்கு எழுத்து உதவுகிறது. குரல் நடுங்குகிறவன் விரலால் சொல்லலாம். மூச்சை மெல்ல இழுத்து விடுகிற பயிற்சி தம்பிக்குப் பலித்திருக்கிறது, 'அதுமட்டும் நெசமாவே கேக்குதுண்ணே' என்கிறான். மூச்சுக்குச் சாதி இல்லையே.

ஆனால் முதல் கேள்வி மாற வேண்டும். 'என்ன நினைக்கிறாய்' என்பதற்கு முன்னால் 'என்ன நடந்தது' வர வேண்டும். அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் எண் 14416. கட்டணமில்லை, தமிழில் பேசலாம். வன்கொடுமைக்கு எதிரான உதவி எண் 14566, 2021 டிசம்பரில் வந்தது. மனசுக்கு ஒரு நம்பர், அடிபட்டதுக்கு ஒரு நம்பர். நம் பிள்ளைக்கு ரெண்டும் ஒரே ராத்திரியில் தேவைப்படுகிறது. நடந்ததை எதற்கு ரெண்டு தடவை சொல்ல வேண்டும்?

அந்தச் செய்திகளை எழுதுகிற இடத்தில் நம்மவர்கள் உட்கார வேண்டும். 'ஈரக்கொல நடுங்குது' என்று எங்க அம்மைமார் சொன்னால் எங்கே வலிக்கிறது, யாரைப் பார்த்து நடுங்குகிறது என்று ரெண்டும் சேர்ந்தே வரும். 'பதட்டம்' என்ற சொல்லில் அந்த 'யார்' காணாமல் போகிறது. அகராதிக் குறையென்று இதை விட்டுவிட முடியாது.

மாற்றி யோசி என்கிறது செயலி. தென்காசிக்குப் பக்கத்து மீனாட்சிபுரத்தில் 1981இல் நம் சனங்கள் நூற்றுக்கணக்கில் இஸ்லாத்துக்குப் போனார்கள். எண்ணத்தை அல்ல, பேரையே மாற்றிக்கொண்டார்கள். தில்லி வரைக்கும் பதட்டம் வந்தது. அந்தப் பதட்டத்துக்கு யாரும் குறுஞ்செய்தி அனுப்பிச் சான்று கேட்கவில்லை.

தம்பி அந்த ஏழு வரியை அழிக்கவில்லை. நோட்டில் எழுதி வைத்திருக்கிறான். தேதி போட்டு, இடம் போட்டு, கேட்டவன் பேர் தெரிந்த இடத்தில் பேரும் போட்டு. போன வாரம் பார்த்தபோது பதினொண்ணு ஆகியிருந்தது.