லயத்துச் சுவரும் கதையின் முடிவும்

உள்ளதை உள்ளவாறு காட்டுவதும், அவ்வாறு காட்டுவதன் மூலம் உள்ளதை மாற்றத் தூண்டுவதும் யதார்த்த இலக்கியத்தின் இரு கடமைகள் என்று நாம் சொல்லி வருகிறோம். இந்த அளவுகோலை மலையகத்து இளம் எழுத்தாளர்களின் படைப்புகள் மீது வைத்துப் பார்க்கும் சந்தர்ப்பம் அண்மையில் எனக்கு வாய்த்தது. ஹல்துமுல்லைப் பகுதித் தோட்டங்களைச் சேர்ந்த இளைஞர் சிலர் தம் சிறுகதைகளின் கையெழுத்துப் பிரதிகளைத் தந்து, தாட்சண்யமின்றி அபிப்பிராயம் கூறும்படி கேட்டனர். அவர்களிடம் கூறியதன் சாரத்தை இங்கே எழுதுகிறேன். குறை அவர்களுடையது மட்டுமன்று, நம் எல்லோருடையதுமே.

கதைகளில் உயிர் இருக்கிறது. பிரட்டுக்களத்தின் அதிகாலைக் குளிர், நிறுவையில் குறைந்துபோகும் கொழுந்து, அடகுக்கடைக்குப் போன தோடு ஆகிய யாவும் கண்ணால் கண்டு எழுதியவை. ஆனால் பெரும்பாலான கதைகள் ஒரே இடத்திற்குத்தான் வந்து சேருகின்றன. கடனும் கணவனின் குடியும் அவமானமும் சூழ, கதாநாயகி நஞ்சருந்தி மடிகிறாள். லயத்தில் அழுகுரல் எழுகிறது. கதை முடிகிறது. ‘அவளுக்கு வேறு வழி இருக்கவில்லை’ என்ற வாக்கியம் ஏறத்தாழ எல்லாக் கதைகளிலும் ஏதாவதொரு வடிவில் வருகிறது.

இந்த வாக்கியம் பொய் என்பதே என் குற்றச்சாட்டு.

முதலாவதாக, இஃது யதார்த்தமன்று. பல லயங்களில் காம்பராவுக்கும் காம்பராவுக்கும் இடையிலுள்ள சுவர் கூரையைத் தொடுவதில்லை. ஒருவர் இருமினால் அடுத்த வீட்டில் கேட்கும். ஒரு வீட்டுச் சண்டையை மறுநாள் மலை முழுவதும் பேசும். அப்படிப்பட்ட லயத்தில், பத்துப் பக்கங்களுக்கு ஒரு பெண் அழுகிறாள்; எவர் காதிலும் விழவில்லை! பக்கத்துக் காம்பரா அக்கா எங்கே போனாள்? கூடவே கொழுந்தெடுக்கும் தோழிகள் எங்கே? சோகத்தை உச்சத்திற்கு ஏற்றும் ஆசையில் ஆசிரியர் லயத்தையே காலி செய்துவிட்டார்.

இரண்டாவதாக, இன்றைய விஞ்ஞானமும் இந்த முடிவை ஏற்பதில்லை. மனநோயின் வேர்களை மூளையிற் தேடும் ஆராய்ச்சி அற்பமானதன்று. 1976ல் சுவீடனில் மாரீ ஆஸ்பெர்க்கும் அவருடைய சகாக்களும், மனச்சோர்வுற்றுத் தற்கொலைக்கு முயன்றவர்களிற் பலரது மூளை, முதுகுத்தண்டு நீரில் செரட்டோனின் என்ற இரசாயனத்தின் சிதைபொருள் குறைந்திருப்பதைக் கண்டனர். அது முதல் எத்தனையோ ஆய்வுகள் நடந்துள்ளன. ஆயினும் ஐம்பது ஆண்டுக்கால ஆய்வுகள் 365ஐ 2017ல் அமெரிக்க அறிஞர்கள் ஒருங்கே தொகுத்துப் பார்த்தபோது, இன்னார் உயிரை மாய்த்துக்கொள்வார் என முன்கூட்டிச் சொல்லும் நமது ஆற்றல் தற்செயலான ஊகத்தைவிடச் சற்றே மேலானது என்றுதான் தெரியவந்தது. மூளையின் உள்ளிருந்தும் எவருடைய முடிவையும் விதியென வாசித்துவிட முடியவில்லை. அவ்வாறிருக்க, கதாசிரியர் மட்டும் அதை எப்படி வாசித்தார்?

நம் நாட்டின் அனுபவமே இதற்குச் சிறந்த சான்று. 1995ல் இலங்கையின் தற்கொலை விகிதம் இலட்சம் பேருக்கு 47 என்ற பயங்கர உச்சத்தை எட்டியது. அதே ஆண்டிலும் அதன் பின்னரும் அதிக நச்சுள்ள விவசாய மருந்துகள் படிப்படியாகத் தடைசெய்யப்பட்டன. 2005ல் விகிதம் பாதியாயிற்று, தொடர்ந்தும் குறைந்தது. வறுமை ஒழிந்துவிட்டதா? குடி ஒழிந்ததா? இல்லை. கைக்கெட்டும் தூரத்தில் இருந்த கொடிய நஞ்சு அகற்றப்பட்டது, அவ்வளவே. அதனால் விளைச்சல் வீழ்ந்ததாகவும் ஆய்வாளர் காணவில்லை. வட மத்திய மாகாணத்தில் நஞ்சருந்திப் பிழைத்தவர்களிடம் விசாரித்து 2006ல் வெளியான ஆய்வொன்று, அவர்களிற் பாதிக்கு மேற்பட்டோர் அரை மணி நேரங்கூட யோசித்திருக்கவில்லை எனக் கூறுகிறது. ‘வேறு வழியில்லை’ என்று தோன்றும் வேளை மிகக் குறுகியது. அந்த வேளையைக் கடந்தவர்கள் வாழ்கிறார்கள். முயன்று பிழைத்தவரைக் குற்றவாளியாக்கிய சட்டமும் 1998ல் நீக்கப்பட்டுவிட்டது. சட்டமே அவர்களைத் தண்டிப்பதை நிறுத்தி விட்டது. நம் கதைகள் இன்னும் நிறுத்தவில்லை.

மூன்றாவது குறைதான் நம்மைப் போன்றோருக்கு முக்கியமானது. சாவில் முடிக்காவிட்டால் சுரண்டலின் கொடுமை மழுங்கிவிடாதா என்று ஓர் இளைஞர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் ஹல்துமுல்லைப் பிரதேசத்திலேயே, கொஸ்லாந்தை மீரியபெத்தையில் 2014 அக்டோபர் 29ந் தேதி காலையில் மலை சரிந்து லயங்களைப் புதைத்ததை நினைத்துப் பாருங்கள். அவ்விடம் குடியிருப்புக்கு ஏற்றதன்று என முன்பே எச்சரிக்கப்பட்டிருந்தது. அங்கே மடிந்தோரின் சாவை எவரும் அவரவர் மனப் பலவீனம் என்று சொல்லத் துணியார். பொறுப்பு யாருடையது என்று கேட்டோம். கதாநாயகியின் சாவில் அந்தக் கேள்வியே எழுவதில்லை. நஞ்சை லயத்தின் எல்லைக்குள் வரவிட்டவர் யார், அவளுடைய துயரை அவளுடைய மொழியில் கேட்க ஒரு வைத்தியர் ஏன் இல்லை என்பவை கேட்கப்படாமலே, பழி முழுவதும் விதியின் தலையில் விழுகிறது. கொடுமையை மழுங்கச் செய்வது இந்த முடிவுதான்.

எழுத்துக்கு இத்தனை வலிமையா என்று ஐயுற வேண்டாம். கேத்தே 1774ல் வெளியிட்ட ‘வெர்தர்’ நாவலைப் படித்தோர் சிலர் அதன் நாயகனைப் பின்பற்றினர் என்ற அச்சத்தால் லைப்சிக் நகரம் அதைத் தடைசெய்தது. 1974ல் டேவிட் பிலிப்ஸ் என்ற சமூகவியலாளர், தற்கொலைச் செய்திகளின் விளைவுக்கு அந்நாயகனின் பெயரையே இட்டார். இதற்கு மறுபக்கமும் உண்டு. மோட்சார்ட்டின் ‘மந்திரக் குழல்’ இசை நாடகத்தில் பாப்பகேனோ என்பவன் உயிரை விடத் துணியும் கணத்தில், மூன்று சிறுவர் வந்து வேறு வழியை நினைவூட்டுகின்றனர். நெருக்கடியைக் கடந்து வாழ்ந்தோரைப் பற்றிய எழுத்து உயிர்காக்க உதவக்கூடும் என்று 2010ல் வியன்னா ஆய்வாளர் கண்டபோது, அவ்விளைவுக்கு அவன் பெயரைச் சூட்டினர்.

பொய்யான இன்ப முடிவுகளை எழுதுங்கள் என்று நான் சொல்லவில்லை. கடனும் அடியும் அப்படியே இருக்கட்டும். கோபம் இன்னும் கூர்மையாகட்டும். ஆனால் லயத்தில் மனிதர்களைத் திரும்பக் குடியேற்றுங்கள். அந்த இரவில் பக்கத்துக் காம்பரா அக்கா சுவரைத் தட்டட்டும். மறுநாள் அவள் இவளை வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லட்டும். அல்லது தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி எண்ணை எவரேனும் அவளுக்கு எழுதிக் கொடுக்கட்டும். அங்கே அவளுக்குத் தமிழில் பதில் கிடைக்கிறதா, இல்லையா? கதை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

ஊவாவில் பிறந்த தெளிவத்தை ஜோசப் 1974ல் தம் நாவலுக்கு ‘காலங்கள் சாவதில்லை’ என்று பெயரிட்டார். அவர் வழிவந்த இளைஞர்கள் தம் பாத்திரங்களையும் அவசரப்பட்டுச் சாகவிடலாகாது.