கேயான் சிதைவும் அணிக்கோவைக் கணக்கும்: 2015ஆம் ஆண்டின் எண்ணைப் படிக்கும் முறை

நடுநிலைக் கேயான் இரண்டு பையான்களாகச் சிதைவதைக் குவார்க், குளுவான் சமன்பாடுகளிலிருந்தே கணினியில் கணக்கிட்டு, ஆர்பிசி–யுகேகியூசிடி கூட்டுக்குழு 2015இல் ஒரு முடிவை வெளியிட்டது. எப்சிலான் பிரைமுக்கும் எப்சிலானுக்கும் உள்ள விகிதம் பத்தாயிரத்தில் 1.4 என்பதே அது. செர்னில் நடந்த என்ஏ48, ஃபெர்மி ஆய்வகத்தில் நடந்த கேடெவ் ஆகிய சோதனைகளின் அளவீடோ பத்தாயிரத்தில் 16.6 என்றது. இடைவெளி ஏறத்தாழ 2 திட்டவிலக்கம். அதே அணிக்கோவை எண்களை உள்ளீடாகக் கொண்டு ஆந்த்ரே பூராசும் உடன் ஆய்வாளர்களும் 1.9 ± 4.5 என்று பெற்றபோது இடைவெளி 2.9 திட்டவிலக்கமாகக் கூடியது. ஸ்டாண்டர்டு மாடலில் விரிசல் கண்டுவிட்டது என்று கருதிப் புதிய துகள்களை முன்மொழியும் ஆய்வுத்தாள்கள் அடுத்தடுத்து வந்தன. அவ்வளவு பாரத்தை அந்த எண்ணால் தாங்க முடியாது. அதற்கான அடையாளம் 2015 ஆய்வுத்தாளிலேயே இருந்தது.

முதலில் அளவைப் பற்றி. 1964இல் புரூக்ஹேவனில் குரோனினும் ஃபிட்சும், நீண்ட ஆயுள் கொண்ட நடுநிலைக் கேயான் சிறிதளவு இரண்டு பையான்களாகவும் சிதைகிறது என்று காட்டினார்கள். சிபி சமச்சீர்மை மீறப்படுகிறது என்பது அதன் பொருள். அந்த மீறலில், சிதைவு நிகழ்வுக்குள்ளேயே தோன்றும் பங்கு எவ்வளவு என்பதை மேற்சொன்ன விகிதம் சொல்கிறது. ஐசோஸ்பின் 0, ஐசோஸ்பின் 2 என்ற இரு வீச்சுகளின் பங்குகள் இதில் ஒன்றையொன்று பெருமளவு கழித்துவிடுகின்றன. ஒன்றில் நேரும் சிறு பிழைகூட விடையில் பெரிதாகிவிடும்.

அணிக்கோவை முறை நம்பத்தகாதது என்று இதைப் படிக்கக் கூடாது. கென்னத் வில்சன் 1974இல் முன்வைத்த இந்த முறை, கேயானின் சிதைவு மாறிலியை அரை விழுக்காட்டுக்கும் குறைந்த பிழையோடு இன்று தருகிறது. ஆனால் அங்கே கணக்கில் வருவது ஒரே ஒரு மேசான். இரண்டு பையான்கள் வரும்போது நிலைமை வேறு. கணினியில் காலம் கற்பனை எண்ணாக ஓடுவதால், நேரம் செல்லச் செல்ல எஞ்சுவது மிகக் குறைந்த ஆற்றல் நிலை மட்டுமே. அசையாமல் நிற்கும் இரு பையான்களின் ஆற்றல் சுமார் 280 மெகா எலக்ட்ரான் வோல்ட். கேயானின் ஆற்றலோ சுமார் 498. எனவே பையான்கள் நகர்ந்தே ஆகவேண்டும்படி எல்லை நிபந்தனையை மாற்றினார்கள். பெட்டிக்குள் கிடைத்த வீச்சை உண்மையான வீச்சாக மாற்ற லெலூஷும் லூஷரும் 2001இல் வெளியிட்ட சூத்திரம் இருக்கிறது. ஆனால் ஐசோஸ்பின் 0 நிலைக்கு வெற்றிடத்தின் குவாண்டம் எண்களே இருப்பதால் இரைச்சல் மிகுதி. குறிகை சீக்கிரமே மூழ்கிவிடும்.

அடையாளம் என்று சொன்னது இதைத்தான்: வெளியேறும் இரு பையான்களுக்கிடையிலான கட்டப் பெயர்ச்சியும் அதே கணக்கிலிருந்து கிடைக்கிறது. அதன் மதிப்பு சோதனைத் தரவுகளிலிருந்து முன்பே தெரியும்; 35 பாகைக்கு மேல். 2015 கணக்கு தந்ததோ ஏறத்தாழ 24 பாகை, பிழை 5. குழுவினரே இந்த முரணைக் குறிப்பிட்டிருந்தார்கள். விடை தெரிந்த கேள்விக்கே தவறாக விடை சொல்லும் கணக்கை, விடை தெரியாத கேள்விக்கு மட்டும் நம்புவது எப்படி? ஹெக்டர் கிஸ்பெர்ட்டும் அந்தோனியோ பிச்சும் 2017இல் இந்த இடத்தைத்தான் பிடித்தார்கள். இறுதிநிலைப் பையான்களின் இடைவினையைக் கைரல் கோட்பாட்டின் வழியே சேர்த்து 15 ± 7 என்று பெற்றார்கள். பிழை பெரிதுதான், ஆனால் விரிசல் எதுவும் தேவைப்படவில்லை.

2020இல் அதே குழு மீண்டும் கணக்கிட்டது. 216ஆக இருந்த குளுவான் புல அமைப்புகள் 741 ஆயின. இரு பையான் நிலையை உருவாக்க ஒரே ஒரு செயலி போதாது என்று மூன்றைப் பயன்படுத்தினார்கள். கிளர்வுற்ற நிலைகளின் கலப்பு முன்பு சரியாகப் பிரிக்கப்படவில்லை என்பது அப்போது வெளிப்பட்டது. கட்டப் பெயர்ச்சி 32 பாகையாக உயர்ந்தது. விகிதமும் பத்தாயிரத்தில் 21.7க்குத் தாவியது. முன்பு சோதனை அளவுக்குக் கீழே இருந்த எண் இப்போது அதற்குச் சற்று மேலே.

இதை வெற்றி என்று கொண்டாடுவதும் அவசரமே. பிழைகள் மூன்று: புள்ளியியல் 2.6, முறைசார் 6.2, ஐசோஸ்பின் முறிவு 5.0. சேர்த்தால் 8.4, அளந்த மதிப்பில் பாதி. இத்தனை அகலமான பிழைக்குள் புதிய இயற்பியலும் வசதியாக ஒளிந்துகொள்ளலாம். தவிர, கணக்கு முழுவதும் ஒரே ஓர் அணிக்கோவை இடைவெளியில் நடந்தது.

உண்மையான சாதனை வேறிடத்தில் இருக்கிறது. அதற்கு விளம்பரம் குறைவு. ஐசோஸ்பின் 0 வீச்சு, ஐசோஸ்பின் 2 வீச்சைவிட ஏன் 22 மடங்குக்கும் மேல் பெரியது என்பது 1950களிலிருந்து தொடர்ந்த புதிர். 2020 கணக்கு அந்த விகிதத்தை 19.9 என்று, சுமார் 5 பிழையோடு தருகிறது. இந்தப் பெருக்கம் வலிய விசையிலிருந்தே வருகிறது என்று இனி தயங்காமல் எழுதலாம். எப்சிலான் பிரைமுக்கு அதே உறுதி வர, இன்னும் நுண்ணிய அணிக்கோவைகளும், மின்காந்த விளைவைக் கணக்குக்குள்ளேயே சேர்க்கும் வழியும் தேவை.