இரண்டு பேரேடுகள்: தயாரிப்பாளர் கே. பாலசந்தர்

கே. பாலசந்தரைப் பற்றிய எழுத்தில் பெரும்பகுதி இயக்குநரைப் பற்றியது. தயாரிப்பாளர் பாலசந்தர் அதில் ஓர் அடிக்குறிப்பு. 1981இல் தொடங்கிய கவிதாலயாவையும், சின்னத்திரைக்காகப் பின்னர் வந்த மின்பிம்பங்களையும் அவற்றின் தேர்வுகளைக் கொண்டே மதிப்பிட வேண்டும். அதற்கு ஒரு நிபந்தனை உண்டு: இயக்குநரின் புகழைத் தயாரிப்பாளருக்கு வரவு வைக்கவும் கூடாது, இயக்குநரின் சறுக்கலை அவர்மீது பற்று எழுதவும் கூடாது.

முதலில், 1981 வரை யார் பணம் செலவானது என்று பார்க்கலாம். ‘அரங்கேற்றம்’ (1973), ‘அபூர்வ ராகங்கள்’ (1975), ‘தண்ணீர் தண்ணீர்’ (1981) ஆகியவை கலாகேந்திராவின் தயாரிப்புகள். ‘அவள் ஒரு தொடர்கதை’ (1974) ராம. அரங்கண்ணலுடையது. பாலசந்தரின் துணிவு என்று நாம் கொண்டாடுவதில் பாதியை, நட்டத்துக்கு அஞ்சாமல் பணம் போட்ட இவர்களுக்கும் பங்கிட்டுத் தருவதுதான் நியாயம். அந்தத் துணிவைக் காட்டிய பாலசந்தரே முதலாளியானபோது எடுத்த முதல் படம் ‘நெற்றிக்கண்’. நாயகன் ரஜினிகாந்த், இயக்கம் எஸ்.பி. முத்துராமன்.

கவிதாலயாவின் முறையியல் அந்த முதல் படத்திலேயே தெரிந்துவிடுகிறது. நட்சத்திரப் படங்கள் பிறர் கையில்: ‘புதுக்கவிதை’, ‘வேலைக்காரன்’, ‘அண்ணாமலை’, ‘முத்து’. பரிசோதனைகள் தன் கையில்: ‘அக்னி சாட்சி’ (1982), ‘அச்சமில்லை அச்சமில்லை’ (1984), ‘சிந்து பைரவி’ (1985), ‘ஒரு வீடு இரு வாசல்’ (1990). தான் வளர்த்தெடுத்த ரஜினியை நாயகனாக வைத்து ‘தில்லுமுல்லு’வுக்குப் பிறகு அவர் ஒரு படமும் இயக்கவில்லை, தயாரித்தார், அவ்வளவே. சினிமாவுக்கு வரும் முன் கணக்காயர் அலுவலகத்தில் வேலை பார்த்தவர் என்பது நினைவுக்கு வருகிறது. ஒரே கடையில் இரண்டு பேரேடுகள்: ஒன்றில் வரவு, மற்றொன்றில் செலவு.

இந்த ஏற்பாட்டின் நன்மை சிறிதல்ல. ‘அக்னி சாட்சி’ தோற்ற பிறகும் ‘அச்சமில்லை அச்சமில்லை’ எடுக்க முடிந்ததற்கு இதுவே காரணம் என்று கருத இடமுண்டு. கிராமத்து அரசியலின் சீரழிவை ஒரு தாம்பத்தியத்துக்குள் வைத்துச் சொன்ன அந்தப் படத்துக்கு வெளித் தயாரிப்பாளர் கிடைத்திருப்பாரா என்பது ஐயம். ‘சிந்து பைரவி’ சுஹாசினி, இளையராஜா, சித்ரா மூவருக்கும் தேசிய விருது பெற்றுத் தந்தது. அனுராதா ரமணனின் கதைகளை எடுத்து, முதல் பாதியை ஒரு படமாகவும் அதில் நடித்தவளின் வாழ்க்கையை இரண்டாம் பாதியாகவும் அமைத்த ‘ஒரு வீடு இரு வாசல்’ வடிவத்தில் அவருடைய மிகத் துணிந்த முயற்சி. தேசிய விருது அதற்கும் வந்தது. ஆனால் இன்று அதைப் பேசுபவர்கள் குறைவு.

தீமையும் இதே ஏற்பாட்டில்தான் இருக்கிறது. வணிகப் படத்தின் தரத்தை உயர்த்தும் பொறுப்பு தனக்கு உண்டு என்று கவிதாலயா ஒருபோதும் நினைத்ததாகத் தெரியவில்லை. நிர்வாகத்தில் குறையில்லை. படப்பிடிப்புக்குச் சில நாட்களே இருக்கையில் இயக்குநர் வசந்த் விலக, சுரேஷ் கிருஷ்ணாவைக் கொண்டுவந்து ‘அண்ணாமலை’யை (1992) ஒப்பேற்றியது தேர்ந்த தயாரிப்பாளரின் வேலை. ‘முத்து’ (1995) ஜப்பான் வரை போனது. ஆனால் இந்தப் படங்களில் பாலசந்தரின் பெயரை எடுத்துவிட்டு வேறொரு நிறுவனத்தின் பெயரை வைத்தால் எந்தக் காட்சியும் மாற வேண்டியிருக்காது. ‘குசேலன்’ (2008) இந்தப் போக்கின் கடைசி விளைவு: நீட்டிய கௌரவ வேடத்தில் வரும் நட்சத்திரத்தின் பெயரால் விற்கப்பட்ட படம். வாங்கியவர்களுக்கு வந்த நட்டம் பெரும் சர்ச்சையானது.

இரண்டு பேரேடுகளும் ஒன்றாகச் சேர்ந்த படம் ‘ரோஜா’ (1992). மணிரத்னத்தை அழைத்து, அவர் விருப்பப்படி புதிய இசையமைப்பாளர் ஏ.ஆர். ரஹ்மானுக்கு இடம் கொடுத்தார். இளையராஜா காலத்தில் இது எளிய முடிவல்ல. தயாரிப்பாளராக அவர் செய்த ஆகச் சிறந்த தேர்வு இது. ‘ரோஜா’வின் அரசியல் மீது எனக்கு மறுப்புகள் உண்டு, அவற்றுக்கு மணிரத்னம் பதில் சொல்லட்டும். என் கேள்வி, இன்னொரு ‘ரோஜா’ ஏன் இல்லை என்பது. தனக்கு இணையான ஆளுமையுள்ள வேறொரு இயக்குநருக்குக் கவிதாலயா அதே சுதந்திரத்தைக் கொடுத்ததற்கு எடுப்பான சான்று தென்படவில்லை.

சின்னத்திரையில் கதை வேறு. தூர்தர்ஷன் காலத்து ‘ரயில் சிநேகம்’, பின்வந்த ‘கையளவு மனசு’ ஆகியவற்றில் அவரே இயக்குநர். அவை சினிமா பாலசந்தரின் நீட்சி. மின்பிம்பங்களின் உண்மையான சாதனை ‘மர்மதேசம்’. இந்திரா சௌந்தர்ராஜன் எழுத, நாகா இயக்கினார். குறிப்பாக ‘விடாது கருப்பு’: காவல் தெய்வத்தையும் மனநோய் மருத்துவத்தையும் எதிரெதிரே நிறுத்தி, இரண்டு காலங்களை மாற்றி மாற்றிச் சொன்ன வாரத்தொடர். அதில் நட்சத்திரம் இல்லை, பாலசந்தரின் முத்திரை வசனமும் இல்லை. வேறொருவரின் பார்வைக்குத் தயாரிப்பாளர் முழுதாக வழிவிட்டிருக்கிறார். 1999இல் ராடான் நிறுவனத்தின் ‘சித்தி’ வந்து தினத்தொடர் வழக்கமானபோது இந்த நிதானத்துக்கு இடம் சுருங்கியது. மின்பிம்பங்கள் அதற்கு ஒரு மாற்று வடிவம் தேடியிருக்கலாம். ஆனால் அது ‘சிந்து பைரவி’யின் தொடர்ச்சியாக ‘சஹானா’வைத் தந்தது. பழைய வெற்றிக்குத் திரும்பிப் போவது தேடல் ஆகாது.

அவருடைய சமூக எல்லையையும் சொல்ல வேண்டும். கதைகள் பெரும்பாலும் நகரத்து நடுத்தர வீட்டுக் கூடத்தில் நடந்தன. அந்தக் கூடத்துக்கு வெளியே இருந்த கதைகளுக்கு ஓர் எடுத்துக்காட்டு: சென்னைக்கு வடக்கே ஏறக்குறைய அறுபது கிலோமீட்டரில் பழவேற்காடு ஏரி. எந்தக் குடும்பம் எந்த நாளில் எந்த இடத்தில் வலை கட்டலாம் என்பதை முறைவைத்துத் தீர்மானிக்கும் ‘பாடு’ அங்கே தலைமுறைகளாக இருக்கிறது. பாட்டில் யாருக்குப் பங்கு, யாருக்கு இல்லை என்ற ஒரு கேள்வியே ஐம்பது வாரத் தொடருக்குப் போதும். நெடுங்காலம் படகில்தான் போய்வர முடிந்த பசியாவரம் போன்ற தீவூர்களை நம் சின்னத்திரை பொருட்படுத்தியதில்லை. இது பாலசந்தர் ஒருவரின் குற்றமல்ல. ஆனால் அத்திப்பட்டுக்குத் தண்ணீர் கேட்ட கோமல் சுவாமிநாதனின் ‘தண்ணீர் தண்ணீர்’ நாடகத்தைப் பிறர் பணத்தில் திரைக்குக் கொண்டுவந்தவர், சொந்த நிறுவனத்தில் அந்தத் தூரத்தை அரிதாகவே நடந்தார் என்பதைக் குறிக்காமல் விட முடியாது.

ஆகவே என் தீர்ப்பு: ஆளைக் கண்டுபிடிப்பதில் அவர் முதல் தரம், நிறுவனத்துக்கென ஓர் அழகியல் கட்டுவதில் இரண்டாம் தரம். ‘விடாது கருப்பு’வைச் சாத்தியமாக்கிய தயாரிப்பாளரை, ‘அண்ணாமலை’யைச் சாத்தியமாக்கியவருக்கு மேலே வைப்பேன். நட்சத்திரமில்லாத, அதே சமயம் பார்வையாளரைத் தேடிப் போகிற நடுத்தரப் படத்தைத் தொடர்ந்து தயாரித்தவர் அவருடைய மாணவர் பிரகாஷ்ராஜ். பாலசந்தர் படத்தின் பெயரையே சூட்டிய டூயட் மூவீஸில் ‘அழகிய தீயே’, ‘மொழி’, ‘அபியும் நானும்’ வந்தன. பாலசந்தர் கடைசியாக இயக்கிய ‘பொய்’யும் (2006) அங்கேதான் தயாரானது, கவிதாலயாவில் அல்ல.