சொல்லப்படாத சொல்லும் மூண்ட போரும்

வெளிப்படையாகக் கூறத் தகாததைப் பிறிதொரு சொல்லால் சுட்டுவதை இடக்கரடக்கல் எனத் தமிழிலக்கணம் தகுதி வழக்கினுள் அடக்கும். ஒரு நாட்டின் அடிப்படைச் சட்டமே இதனை மேற்கொள்ளுமாயின் விளைவு யாது? அமெரிக்க உள்நாட்டுப் போர் (1861-65) அடிமைமுறையால் அன்று, மாநில உரிமையால் மூண்டது என்னும் கருத்து இன்றும் சிலரால் கூறப்படுகிறது. அக்காலச் சட்டங்களின், அறிவிக்கைகளின் சொல்லாட்சியைக் கொண்டு அக்கருத்து ஈண்டு மதிப்பிடப்படுகிறது.

1. சட்டத்தின் மௌனம்

1787இல் வரையப்பெற்ற அமெரிக்க அரசியலமைப்புச் சட்டம் அடிமைமுறைக்கு மூவிடங்களில் அரணாக நின்றது. பிரதிநிதிகளின் எண்ணிக்கையை வகுக்க அடிமைகள் ஐந்தில் மூன்று பங்காகக் கணக்கிடப்பட்டனர். 1808 வரை அடிமை இறக்குமதியைக் காங்கிரஸ் தடை செய்யலாகாது. தப்பியோடியவரை மீண்டும் ஒப்படைத்தல் வேண்டும். எனினும் 'அடிமை' என்னும் சொல் அதில் ஓரிடத்தும் இல்லை. 'ஆள்' என்னும் பொதுச்சொல்லே அடைமொழிகளுடன் வருகிறது.

இம்மௌனம் முரண்பட்ட பொருள்கோள்களுக்கு இடமளித்தது. அடிமை ஒழிப்பாளரான காரிசன், அச்சட்டம் அடிமைமுறையோடு செய்துகொண்ட உடன்படிக்கை எனக் கருதி 1854இல் அதன் படியொன்றை எரித்தார். அடிமையாகப் பிறந்து தப்பி வந்த பிரெடரிக் டக்ளஸோ, அச்சொல் இன்மையையே சான்றாக்கி அதனை விடுதலைக்குரிய சட்டமாகக் கண்டார். 1857இல் டிரெட் ஸ்காட் வழக்கில் தலைமை நீதிபதி டானி, அடிமையின்மீதுள்ள சொத்துரிமையை அச்சட்டம் வெளிப்படையாகவே உறுதி செய்வதாகத் தீர்ப்பளித்தார். 1860இல் நியூயார்க்கில் உரையாற்றிய லிங்கன், அச்சொல்லே சட்டத்தில் இல்லை எனக் காட்டி அதனை மறுத்தார்.

2. பேச்சு முறிதல்

அடிமைமுறை பற்றிய விண்ணப்பங்களை விவாதமின்றி ஒதுக்கும் விதியைப் பிரதிநிதிகள் அவை 1836இல் இயற்றியது. ஜான் குவின்சி ஆடம்ஸின் விடாமுயற்சியால் 1844இல்தான் அது நீங்கியது. 1854ஆம் ஆண்டுக் கான்சாஸ்-நெப்ராஸ்கா சட்டம், 1820இல் வகுக்கப்பட்ட எல்லைக்கோட்டை அகற்றி, அடிமைமுறை வேண்டுமா என்பதைக் குடியேறுவோரின் முடிவுக்கு விட்டது. 'மக்கள் இறையாண்மை' என்னும் அழகிய பெயர் பெற்ற இவ்வேற்பாடு கான்சாஸில் குருதி சிந்துதலாக முடிந்தது. 1856இல் அதுபற்றி உரையாற்றிய சம்னர், மேலவையிலேயே புரூக்ஸ் என்னும் உறுப்பினரால் கைத்தடி கொண்டு தாக்கப்பட்டார்.

3. மாநில உரிமை என்னும் வாதம்

சுங்கவரி தொடர்பாக 1832இல் தென் கரோலினா எழுப்பிய மாநில உரிமைப் பூசல் மறு ஆண்டே இணக்கத்தில் முடிந்தது. எனவே மாநில உரிமை மட்டுமே போருக்குப் போதிய காரணமாகாது. 1860 டிசம்பரில் அதே மாநிலம் வெளியிட்ட பிரிவினை அறிவிக்கையின் முதன்மைக் குறை, தப்பியோடிய அடிமைகளைத் திருப்பி அனுப்புவதை வடமாநிலங்கள் தம் சட்டங்களால் தடுத்தன என்பதாகும். அதாவது, பிற மாநிலங்கள் தம் உரிமையைச் செலுத்தியதே அங்குக் குற்றமாயிற்று. 1861இல் தென்னகக் கூட்டமைப்பின் அரசியலமைப்பு அடிமைமுறையைப் பெயர் சுட்டியே காத்தது. அதன் துணைத்தலைவர் அலெக்சாண்டர் ஸ்டீபன்ஸ் அவ்வாண்டு மார்ச்சில் சவானாவில், கறுப்பினத்தாரின் அடிமைநிலையே புதிய அரசின் மூலைக்கல் என்றார். தோல்விக்குப் பின் 1868இல் வெளியிட்ட நூலிலோ, போரைக் கூட்டாட்சியின் இயல்பு பற்றிய பூசலாக விளக்கினார். ஆதலின் 'மாநில உரிமை' என்பது காலத்தால் பிற்பட்ட மற்றோர் இடக்கரடக்கல் எனல் பொருந்தும்.

முடிவுரை

1860இல் அடிமைகளின் எண்ணிக்கை ஏறத்தாழ 39.5 இலட்சம். போரில் மாண்ட வீரர் 6 இலட்சத்துக்கும் மேற்பட்டோர். 1865இல் நிறைவேறிய பதின்மூன்றாம் திருத்தத்தில்தான், அதாவது ஒழிக்கப்படும்போதுதான், 'அடிமைமுறை' என்னும் சொல் அமெரிக்க அரசியலமைப்பில் முதன்முதலாக இடம்பெற்றது. போரின் காரணத்தை ஆராய்வோர், ஒரு கூற்று யாருடையது என்பதோடு, அது போருக்கு முற்பட்டதா பிற்பட்டதா என்பதையும் நோக்குதல் இன்றியமையாதது.