யார் யார் வரலை?

மாசி மகம் முடிந்த மறுநாள் பேப்பரைப் புரட்டினால் அநேகமாக அந்தப் போட்டோ இருக்கும். மாமல்லபுரம் கடற்கரை. பின்னால் கடற்கோயில், முன்னால் மஞ்சள் தாலியோடு ஒரு பெண். கீழே, 'இருளர்களின் விநோதத் திருமணம்'. வருஷா வருஷம் பெண் மாறுகிறாள், வரி மாறுவதில்லை.

இதில் என்ன விநோதம்?

செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் பக்கமிருந்தெல்லாம் இருளர் குடும்பங்கள் சட்டி பானையோடு வந்து இறங்குகின்றன. நாலு குச்சி நட்டு, பழைய சேலையைச் சுற்றினால் வீடு ரெடி. கன்னியம்மா கோபித்துக்கொண்டு கடலுக்கு வந்துவிட்டாளாம். அவளைச் சமாதானப்படுத்தி வீட்டுக்கு அழைத்துப்போகத்தான் இத்தனை பேர். விடியற்காலையில் மணலில் ஏழு படி கட்டி, பூ வைத்து, கற்பூரம் ஏற்றிக் கும்பிடுகிறார்கள். அவள் முன்னிலையிலேயே பெண் பார்ப்பது, நிச்சயம், தாலி, குழந்தைக்கு மொட்டை எல்லாம். மண்டப வாடகை மிச்சம்.

மாசி மகத்துக்கு ஊருக்குள்ளிருந்து ஸ்தலசயனப் பெருமாளும் இதே கடலுக்குத் தீர்த்தவாரிக்கு வருகிறார். அதை யாரும் விநோதம் என்று எழுதுவதில்லை, உற்சவம் என்கிறோம். கடல் ஒன்று, நட்சத்திரம் ஒன்று. வார்த்தை மட்டும் ஆளைப் பார்த்து மாறுகிறது.

சரி, ஏன் கடற்கரையில் போய்ப் பெண் பார்க்கணும்? அதைத்தான் யாரும் எழுதுவதில்லை.

பாம்பு பிடித்து, தோல் விற்றுப் பிழைத்தவர்கள் இவர்களில் நிறையப் பேர். 1972 வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு அந்தப் பிழைப்பு போயிற்று. 1978-ல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் வந்தது. வடநெம்மேலியில் இன்றும் விஷம் எடுக்கிறார்கள். வடிவேல் கோபாலும் மாசி சடையனும் 2023-ல் பத்மஸ்ரீ வாங்கினார்கள். சந்தோஷம். ஆனால் சங்கத்தில் எல்லோருக்கும் இடமில்லையே! மற்றவர்கள் அரிசி ஆலை, செங்கல் சூளை, மரம் வெட்டு என்று ஆளுக்கொரு திசை. அண்ணன் ஒரு சூளையில், தங்கச்சி ஒரு ஆலையில். முன்பணத்துக்காக வருஷக்கணக்கில் முடங்கிக் கிடந்த குடும்பங்களை அதிகாரிகள் மீட்ட செய்தியும் இந்தப் பக்கமிருந்து பலமுறை வந்திருக்கிறது.

பொங்கலுக்கு நாம் கிளாம்பாக்கத்தில் முட்டி மோதி பஸ் ஏறுகிறோம், போக ஒரு ஊர் இருப்பதால். பட்டா இல்லாதவனுக்கு எது ஊர்? சிதறிய சொந்தம் ஒன்றாய்ச் சேர்கிற இந்த மணல்தான். மாமனும் அத்தையும் சம்பந்தியும் ஒரே இடத்தில் கிடைக்கிற நாள் இதுதான் என்றால், கல்யாணத்தை வேறெங்கே பேசுவது?

எனவே, போட்டோ எடுக்கப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். "கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பும்மா" என்பதற்கு முன்னால் இரண்டு கேள்வி கேளுங்கள். ஒன்று, பெண்ணுக்குப் பதினெட்டு ஆச்சா? பழக்கம் என்பதற்காக இதைக் கேட்காமல் விடவேண்டாம். இரண்டு, உங்க சொந்தத்துல இந்த வருஷம் யார் யார் வரலை, ஏன் வரலை?

'முன்பணம் பாக்கி, முதலாளி விடலை' என்று பதில் வந்தால், அது லீவு பிரச்னை இல்லை. கடனைக் காட்டி ஒருவனை வெளியே போகவிடாமல் தடுப்பது 1976 கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி குற்றம். கலெக்டர் ஆபீஸுக்குப் போன் போட வேண்டிய விஷயம்.

கோபித்துக்கொண்டு போன கன்னியம்மாவை அழைத்துவர ஊரே திரண்டு வருகிறது. வர முடியாதவனை அழைத்துவர யாராவது போனால், அதைப் போடுங்கள் முதல் பக்கத்தில்.