கேட்டலும் மறுமொழியும்: மொரோக்கோ நகரங்களில் அயலார் வாழ்வை எழுதிய மூன்று நூல்கள்

1. முன்னுரை

பயண இலக்கியம் தமிழ் வாசகருக்குப் புதியதன்று. பள்ளிப் பாடநூல்களிலும் பல்கலைக்கழகப் பாடத்திட்டங்களிலும் அதற்கு நிலையான இடம் உண்டு. எனினும், ஓர் ஊரைக் கண்டு கடந்து செல்பவரின் எழுத்தையும், அவ்வூரில் தங்கி அயலவராகவே அங்குள்ளாரோடு பழகி வாழ்ந்தவரின் எழுத்தையும் நாம் பெரும்பாலும் ஒரே அளவுகோல் கொண்டே அளக்கிறோம். 'நுணுக்கமாகக் கண்டார், அன்போடு எழுதினார்' என்று பாராட்டி அமைந்துவிடுகிறோம். தங்கி வாழ்ந்தவரின் எழுத்துக்கு இவ்வளவுகோல் போதாது. அண்டை வீட்டாரும் பணியாளரும் நண்பரும் அவர் எழுத்தில் பாத்திரங்களாகின்றனர். அவர்கள் மறுத்துப் பேச இடம் பெற்றார்களா என்னும் வினா அங்கே எழுகிறது. இவ்வினாவை முன்வைத்து, மொரோக்கோவின் மூன்று நகரங்களில் நிகழும் மூன்று நூல்களை இக்கட்டுரை நோக்குகிறது. எலியாஸ் கனெட்டியின் 'மராகேஷின் குரல்கள்', பால் பௌல்ஸின் 'சிலந்தியின் வீடு', முகமது ஷுக்ரியின் 'வெறும் ரொட்டி' என்பன அவை. முதலிருவரும் அயலார், மூன்றாமவர் மொரோக்கோ நாட்டவர்.

2. வரலாற்றுப் பின்புலம்

மொரோக்கோ 1912 முதல் 1956 வரை பிரெஞ்சுப் பாதுகாப்பாட்சியின்கீழ் இருந்தது. வடபகுதி ஸ்பெயினின் ஆளுகையில் அமைந்தது. தாஞ்சியர் நகரோ 1923-ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி பல நாடுகள் கூடி நிருவகிக்கும் பன்னாட்டு மண்டலமாயிற்று. பிரெஞ்சு ஆட்சியின் முதல் தலைமை ஆளுநரான லியோத்தே, பழைய மதில் நகரங்களைத் தொடாமல் விட்டு அவற்றின் அருகே ஐரோப்பியருக்கெனப் புதுநகரங்களை எழுப்பினார். பழமையைக் காத்தல் என்று சொல்லப்பட்ட அச்செயலே மக்களைப் பிரித்து வைக்கும் ஏற்பாடாகவும் அமைந்தது. எனவே 'உள்ளூராரோடு வாழ்ந்தேன்' என்று ஓர் ஐரோப்பியரோ அமெரிக்கரோ அக்காலத்தில் எழுதும்போது, தெருவமைப்பே பிரித்து வைத்த ஓர் எல்லையைத் தாண்டியதாகவே அவர் சொல்கிறார். தாண்டியபின் என்ன செய்தார் என்பதே நம் ஆய்வுக்குரியது.

3. கனெட்டி: அறியாமையின் நேர்மையும் அதன் எல்லையும்

பல்கேரியாவில் 1905-இல் பிறந்து, 1981-இல் நோபல் பரிசு பெற்ற கனெட்டி, 1954-இல் ஒரு திரைப்படக் குழுவினரோடு மராகேஷ் சென்று சில வாரங்கள் தங்கினார். நூல் வெளிவந்ததோ 1960-களின் பிற்பகுதியில்தான். அந்நகரில் இருந்த நாள்களில் அரபு மொழியையோ பெர்பர் மொழியையோ கற்க முயலவில்லை என்று அவரே அந்நூலில் கூறுகிறார். புரியாத குரல்களின் ஆற்றல், பொருள் புரிந்தால் குறைந்துவிடும் என்பது அவர் கருத்து. ஜெமா அல்-ஃப்னா சதுக்கத்தில் கதைசொல்லிகளைச் சூழ்ந்து நிற்கும் கூட்டத்தில் அவரும் நிற்கிறார். ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஆயினும், அச்சொல்லுக்கு மக்கள் தரும் மதிப்பை உணர்கிறார். மாலை வேளையில் அதே சதுக்கத்தில் துணி மூடிய ஓர் உருவம் ஒற்றை ஒலியை இடைவிடாது எழுப்பிக்கொண்டிருக்கிறது. துணியை விலக்கிப் பார்க்கவோ, அது யாரென்று பிறரை வினவவோ அவர் முற்படவில்லை.

இவ்வறியாமையில் ஒரு நேர்மை உண்டு. தான் அறியாததை அறிந்ததுபோல் அவர் எழுதவில்லை. ஆனால் அவர் முற்றும் மொழியற்றவராகவும் இல்லை என்பது நோக்கத்தக்கது. பிரெஞ்சு மொழி அவருக்கு எங்கும் கைகொடுத்தது. அஃது ஆள்வோரின் மொழி. சுல்தான் ஐந்தாம் முகமது 1953-இல் நாடு கடத்தப்பட்டு, மொரோக்கோ முழுவதும் கொந்தளித்த காலம் அது. அக்கொந்தளிப்பு இந்நூலில் விரிவாக இடம்பெறவில்லை. பொருளை விலக்கி ஒலியை மட்டும் கேட்கும் செவிக்கு அரசியலும் கேட்காமற் போகிறது.

எனினும், நூலின் சிறந்த பகுதி இக்கொள்கை தளரும் இடத்திலேயே உள்ளது. மெல்லா எனப்படும் யூதர் குடியிருப்பில், ஸ்பானிய யூத மரபினரான கனெட்டிக்கு ஒரு குடும்பத்தின் நட்பு வாய்க்கிறது. அவ்வீட்டு இளைஞன் வேலை தேடுபவன். அமெரிக்கப் படைமுகாமில் பணி கிடைக்கப் பரிந்துரைக் கடிதம் வேண்டும் என்று விடாமல் கேட்கிறான். இளைஞனின் தந்தையோ கனெட்டியின் பெயரை அசையசையாக உச்சரித்து வியக்கிறார். கேட்பவராக மட்டும் திரிந்தவர் இங்கே பெயர் சொல்லி அழைக்கப்படுகிறார். அவரிடம் ஒருவர் உரிமையோடு ஒன்றை வேண்டுகிறார். ஓர் ஊரில் வாழ்தல் என்பது இவ்விடத்தில்தான் தொடங்குகிறது எனலாம். கண்டு வியத்தலுக்கு ஊர் எதையும் திரும்பக் கேட்பதில்லை. உடன் வாழ்தலுக்குக் கேட்கிறது.

4. பௌல்ஸ்: மொழியறிவும் மாறாமை வேட்கையும்

நியூயார்க்கில் 1910-இல் பிறந்த பௌல்ஸ், 1931-இல் முதன்முறை தாஞ்சியரைக் கண்டார். 1947-இல் அங்கேயே குடியேறினார். 1999-இல் அந்நகரிலேயே மறைந்தார். மொரோக்கோ மக்களின் பேச்சரபியை அறிந்திருந்தார். 1959-இல் நாடெங்கும் பயணம் செய்து நாட்டுப்புற இசையை ஒலிப்பதிவு செய்தார். காலத்தாலும் மொழியறிவாலும் கனெட்டியினும் பன்மடங்கு தகுதி உடையவர் அவர். அத்தகுதி எழுத்தில் என்னவாயிற்று என்பதைக் காண 'சிலந்தியின் வீடு' என்னும் 1955-ஆம் ஆண்டுப் புதினமே ஏற்றது.

கதை 1954-இன் ஃபெஸ் நகரில் நிகழ்கிறது. எழுதப் படிக்கத் தெரியாத அமர் என்னும் சிறுவனும், அந்நகரில் நெடுநாள் வாழும் ஸ்டென்ஹாம் என்னும் அமெரிக்க எழுத்தாளரும் மாறிமாறிக் கதையை நடத்துகின்றனர். ஸ்டென்ஹாமுக்கு மொழி தெரியும், சந்துகள் தெரியும், பழக்கவழக்கங்கள் தெரியும். பிரெஞ்சுக்காரரையும் அவர் வெறுக்கிறார். விடுதலை இயக்கத்தாரையும் வெறுக்கிறார். இருதரத்தாரும் தாம் நேசிக்கும் பழைய ஃபெஸ்ஸை மாற்றிவிடுவர் என்பதே காரணம். நகரம் மாறாதிருக்க வேண்டும் என்னும் அவர் விருப்பத்தில், அந்நகரத்தார் எவ்வாறு வாழ விரும்புகின்றனர் என்னும் வினாவுக்கு இடமில்லை.

பௌல்ஸ் இக்குறையைக் காணாதவர் அல்லர். புதினத்தின் முடிவில், தன்னையும் உடன் அழைத்துச் செல்வார்கள் என்று அமர் நம்பி நிற்க, ஸ்டென்ஹாமும் அவருடன் இருக்கும் அமெரிக்கப் பெண்மணியும் காரில் புறப்பட்டு விடுகின்றனர். சிறுவன் காரின் பின்னே ஓடுகிறான். அயலாரின் அன்பு எந்த எல்லையில் நின்றுவிடும் என்பதை இவ்வொரு காட்சி காட்டிவிடுகிறது. ஸ்டென்ஹாமின் மீது ஆசிரியர் வழங்கும் தீர்ப்பு இது எனக் கொள்ளலாம். ஆயினும் அமருக்குப் பௌல்ஸ் கண்களைத் தந்த அளவுக்கு வாதிடும் நாவைத் தரவில்லை என்பதே நம் கருத்து. அமர் காண்கிறான், ஏமாறுகிறான், ஓடுகிறான். ஸ்டென்ஹாமின் முகத்துக்கு நேரே அவன் எழுப்பியிருக்க வேண்டிய வினா எழுப்பப்படாமலே நூல் முடிகிறது.

5. ஷுக்ரி: கீழிருந்து கண்ட நகரம்

அவ்வினாவை எழுப்பியவர் ஷுக்ரி (1935-2003). ரிஃப் மலைப்பகுதியில் பெர்பர் மொழி பேசும் குடும்பத்தில் பிறந்தவர். பஞ்சத்தால் குடும்பம் தாஞ்சியருக்குப் புலம்பெயர்ந்தது. அரபு பேசும் சிறுவர் அவரை 'ரிஃப்காரன்' என்று இகழ்ந்தனர். ஆகவே தாஞ்சியரில் அயலார் என்போர் ஐரோப்பியர் மட்டுமல்லர். தம் நாட்டிலேயே அயலாராய் வந்து சேர்ந்த ஏழைகளும் அங்கிருந்தனர். இருபது வயதளவில்தான் ஷுக்ரி எழுத்தறிந்தார்.

'வெறும் ரொட்டி' தன்வரலாற்றில் பசித்த சிறுவன் குப்பைமேடுகளில் உணவு தேடுகிறான். ஐரோப்பியரின் குப்பை முஸ்லிம்களின் குப்பையைக் காட்டிலும் வளமானது என்று கற்றுக்கொள்கிறான். பன்னாட்டு மண்டலத்தின் நாகரிகத்தைப் பற்றி எழுதப்பட்ட பக்கங்கள் பலவற்றினும் இச்செய்தி கூர்மையானது. அயலார் தம்மைச் சுதந்திரர் எனவும் கலைஞர் எனவும் எண்ணி வாழ்ந்த தெருக்களில், அச்சிறுவன் அவர்களை அவர்கள் எறிந்த எச்சிலால் அறிந்தான். 1952 மார்ச் 30-ஆம் நாள் தாஞ்சியரில் நிகழ்ந்த கலவரமும் இந்நூலில் தெருவிலிருந்தே காணப்படுகிறது. சிறைக்கூடத்தில் உடனிருந்த ஒருவர் துனிசியக் கவிஞர் அபுல் காசிம் அல்-ஷாப்பியின் அடிகளைச் சுவரில் எழுதிக்காட்ட, எழுத்தின்மீது வேட்கை பிறக்கிறது. நூலின் இறுதியில் அவ்விளைஞன் கல்வி தேடிப் புறப்படுகிறான்.

இந்நூல் உலகை எட்டிய வழியே நம் ஆய்வுப்பொருளின் சிக்கலைக் காட்டுகிறது. 1973-இல் இதனை முதன்முதலாக ஆங்கிலத்தில் வெளிக்கொணர்ந்தவர் பௌல்ஸ்தான். அவருக்கு எழுத்தரபி படிக்க இயலாமையால், ஷுக்ரி பேச்சரபியிலும் ஸ்பானியத்திலும் எடுத்துரைக்க, மொழிபெயர்ப்பு உருவாயிற்று. 1980-இல் தாஹர் பென் ஜெல்லூன் பிரெஞ்சில் பெயர்த்தார். அரபு மூலம் 1982-இல்தான் அச்சேறியது. 1983 முதல் 2000 வரை மொரோக்கோவில் தடைசெய்யப்பட்டிருந்தது. தன் மொழியில் தன் நாட்டார் படிக்க இயலாத நூலை அயலார் ஒருவரே வெளியுலகுக்குத் தந்தார். இந்நன்றியை மறைத்துப் பௌல்ஸைப் பழிப்பது முறையாகாது.

ஆனால், நன்றி மறுமொழிக்குத் தடையாகவும் இல்லை. பௌல்ஸ் உயிரோடிருந்த 1990-களிலேயே அவரைப் பற்றி ஷுக்ரி ஒரு நூல் எழுதினார். பௌல்ஸின் அன்பு நாட்டின்மீது இருந்த அளவுக்கு நாட்டாரின்மீது இல்லை என்பது அதன் முதன்மைக் குற்றச்சாட்டு. அதில் மனக்கசப்பும் கலந்திருக்கலாம். எனினும், எழுதப்பட்டவர் எழுதியவரை எழுதினார் என்பது அரிய நிகழ்வு. அமர் ஓடிய சாலையில் ஷுக்ரி காரை நிறுத்திவிட்டார் எனலாம்.

6. எதிர்த்திசை: தாஞ்சியர்க்காரர் ஒருவர் தமிழகத்தில்

இச்சிக்கலைத் தமிழ் மாணவர்க்கு விளக்க ஓர் எதிர்த்திசைச் சான்று உண்டு. இப்னு பதூதா 1304-இல் பிறந்ததும் இதே தாஞ்சியரில்தான். 1340-களில் இலங்கையிலிருந்து மாபர் எனப்பட்ட தமிழகக் கரைக்கு வருகையில் அவருடைய கலம் சிதைந்தது. கரையோர மக்கள் படகில் வந்து அவரைக் கரைசேர்த்தனர். பின்னர் மதுரைச் சுல்தான் கியாசுத்தீனின் விருந்தினரானார். சுல்தானின் மனைவியும் இவர் மனைவியும் உடன்பிறந்தோர். சுல்தான் நாட்டு மக்களைப் பெண்டிர் குழந்தைகளோடு கொன்ற கொடுமையை அவர் மறைக்கவில்லை. வெறுத்தே பதிவு செய்தார். ஆயினும் காப்பாற்றியவர்க்கும் கொல்லப்பட்டவர்க்கும் அவர் நூலில் பெயரில்லை, பேச்சுமில்லை. அப்பக்கங்களைப் படிக்கும் நாம் இயல்பாகவே படகோட்டி வந்தவர் என்ன சொன்னார் என்று தேடுகிறோம். பௌல்ஸின் பக்கங்களைப் படிக்கும் மொரோக்கோ வாசகரும் அதையே தேடுகிறார். அவர்தம் மனக்குறையை நாம் அயலாரின் வழக்காகக் கருத இயலாது.

7. முடிவுரை

தங்கிய காலத்தின் நீளமோ, மொழியறிவோ, அன்போ தம்மளவில் இவ்வகை எழுத்துக்குத் தகுதி தந்துவிடுவதில்லை என்பது மேற்கண்டவற்றால் பெறப்படும். சில வாரங்கள் தங்கிய கனெட்டி, ஓர் இளைஞனின் வேண்டுகோளுக்கு ஆளானபோது உயர்ந்தார். ஐம்பதாண்டுக்கு மேல் வாழ்ந்த பௌல்ஸ், தம் பாத்திரங்களைப் பேசவிடாத இடத்தில் தாழ்ந்தார். பிறர் பேச்சை மொழிபெயர்த்த இடத்தில் மீண்டும் உயர்ந்தார். வகுப்பறையில் இத்தகைய நூல்களைக் கற்பிக்கும் ஆசிரியர், வருணனையின் அழகை விளக்கியதோடு நில்லாமல், வருணிக்கப்பட்டவருள் ஒருவரேனும் ஆசிரியரை மறுத்துப் பேசும் பக்கம் எதுவென்று மாணவரைத் தேடச்செய்தல் வேண்டும். அப்பக்கம் இல்லாதவிடத்து, அதே ஊரார் எழுதிய நூலொன்றை உடன்வைத்துப் பயிற்றுதல் தகும். 'சிலந்தியின் வீடு' பாடமாகுமிடத்து 'வெறும் ரொட்டி'யும் பாடமாதல் வேண்டும் என்பதே இக்கட்டுரையின் பரிந்துரையாகும்.